பதினோரு நிமிடம்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கையாலாகாத்தனத்தில் பிறந்தது. போன மாதம் என் பழைய பிளேயரைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். உள்ளங்கையளவு இருக்கும், பாட்டுக் கேட்பதைத் தவிர வேறு எதற்கும் ஆகாது. பேட்டரி தேய்ந்துவிட்டது, மாற்றித் தாருங்கள் என்றேன். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இதுக்கெல்லாம் யாரு சார் பேட்டரி மாத்துவாங்க? அந்த அட்டைப்பெட்டில போட்டுட்டுப் போங்க."

போட்டேன். "ரொம்ப தேங்க்ஸ்" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நான் கேட்காமல் விட்டதையெல்லாம் கேட்கக்கூடிய ஒருத்தியை அதே கடைக்கு அனுப்புவது என்று எழுத உட்கார்ந்தேன்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: மழை ஓய்ந்திருந்த அந்த மாலையில், இறந்துபோன கணவனின் குரல் பதிவாகியிருந்த கருவியை அவள் நெஞ்சோடு சேர்த்து

வேண்டாம். இப்படிப்பட்ட கதை என்றால் கருவிக்குள் ஒருவர் செத்துக் கிடந்தே ஆகவேண்டுமா? அவளுடைய கணவர் நன்றாக இருக்கிறார். நகவெட்டி எங்கே என்று கேட்க, வேலை நேரத்தில் நாலு தடவை போன் போடும் அளவுக்கு நன்றாக இருக்கிறார்.

இரண்டாம் முயற்சி: அவள் பெரிய சலவை நிலையம் ஒன்றில் இஸ்திரி போடுகிறவள். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை நாள் முழுக்க நின்றுகொண்டே தேய்க்க வேண்டும். போன் பைக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருக்கும், பிளேயர் காதில் பாடிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் ஆறு மணி நேரம் தாங்கியது. இப்போது பதினோரே நிமிடத்தில் அணைந்துவிடுகிறது.

(இது இருக்கட்டும். இவள் தேறுவாள்.)

3.

"அக்கா, இதெல்லாம் இனிமே தேறாது" என்றார் கடைக்காரர்.

"பாட்டு வருதுல்ல?"

"வருது."

"பட்டன் எல்லாம் வேலை செய்யுதுல்ல?"

"செய்யுது. ஆனா பேட்டரி..."

"அப்ப பேட்டரிதானே போச்சு. செருப்பு வாரு அறுந்தா வாரை மாத்துவோமா, காலை வெட்டுவோமா?"

"இதைத் திறக்க முடியாதுக்கா. பசை போட்டு ஒட்டிட்டாங்க."

"ஒட்டினதும் மனுசங்கதானே."

கடைக்காரருக்குச் சலிப்பு தட்டிவிட்டது. அட்டைப்பெட்டியைக் காட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள். மேலாக அதே மாதிரி பிளேயர் ஒன்று கிடந்தது.

"இது யாருது?"

"யாரோ ஒரு சார் போட்டுட்டுப் போனாரு."

"ஒரு வார்த்தைகூடக் கேக்காமலா?"

"தேங்க்ஸ் சொன்னாரு."

அவள் அதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.*

* இந்த இடத்தில் ஆசிரியர் சொல்வதற்கு எதுவும் இல்லை.

4.

குப்பை மலைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பொருளைத் தூக்கி எறியும் காலம், பூமியின் கதி என்றெல்லாம். அவளுடைய மகள் காரணம் கேட்டதும் அவள் அதைத்தான் ஒப்பிப்பாள் என்று எண்ணியிருந்தேன்.

"ஏம்மா, நான் வாங்கிக் குடுத்த போன்ல எவ்வளவு பாட்டு வேணும்னாலும் கேக்கலாம். எதுக்கு இந்த டப்பாவோட மல்லுக்கட்டுற?"

"அதுல பாட்டு மட்டுமாடி வருது?"

"வேற என்ன வருது?"

"உங்கப்பா வர்றாரு. நீ வர்ற. உங்க அத்தை வர்றா. சூப்பர்வைசர் வர்றாரு. பாடிக்கிட்டு இருக்கிறவங்க வாயை அடைச்சிட்டு எல்லாரும் வர்றீங்க. இதுக்குள்ள ஒருத்தராலயும் வர முடியாது. எனக்குன்னு இருக்கிற இடம் இது ஒண்ணுதான். அதுவும் பதினோரு நிமிசமா சுருங்கிப் போச்சு."

மகள் அன்றே புது பேட்டரிக்குச் சொல்லிவைத்தாள், பத்து நாளில் வந்தது. நான் என் குப்பை மலையைக் கிழித்துப் போட்டேன்.

5.

விடுமுறை நாள், மதியம். அவள் துண்டை மடித்து இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கினாள், கை பொறுக்கும் அளவுக்குத்தான். அதில் பிளேயரைச் சுற்றி வைத்துப் பசையை இளக்கினாள். ஓரத்தில் பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் செருகி, சடாரென்று மூடியைப் பிரித்தாள்.

இந்த வரியைப் படித்த மெக்கானிக் நண்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மூடிக்கும் உள்பலகைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு ஒயர் நாடா இருக்கும்யா. சடார்னு பிரிச்சா கிழிஞ்சிரும். அப்புறம் இயர்போன்ல சத்தமே வராது."

'சடாரென்று' என்ற ஒரு சொல்லை அடித்தால் போதும். ஆனால் அடிக்க மனம் வரவில்லை. எழுதினவன் நான், செய்தவள் அவள். ஆகவே நாடா கிழிந்தது.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என் அவசரம் இல்ல" என்றாள், யாரையும் பார்க்காமல்.

பிறகு பையிலிருந்து என் பிளேயரை எடுத்தாள். சூடு வைத்தாள். இந்த முறை மயிலிறகைத் தொடுவதுபோல் திறந்தாள். நாடா முழுசாக இருந்தது. அதைக் கழற்றித் தன்னுடையதில் மாட்டினாள்.

பழைய பேட்டரியிலிருந்து மூன்று ஒயர்கள். கத்திரியால் ஒரே வெட்டாக வெட்டினால் பொறி பறக்கும் என்று மகள் எங்கோ படித்துவிட்டு வந்து பயந்தாள். அவள் ஒவ்வொன்றாக வெட்டி விடுவித்தாள். புது பேட்டரியின் ஒயர்களை ஒட்ட, சலவை நிலைய எலக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கியிருந்த பற்றவைப்புக் கோலைச் சூடேற்றினாள்.

"கையைச் சுட்டுக்கப் போற, பாத்தும்மா."

"சூட்டைப் பத்தி எனக்கே சொல்றியா?"

6.

முடிவுகள்.

அ) பட்டனை அழுத்துகிறாள், எரியவில்லை. விமர்சகர்களுக்குப் பிடிக்கும்.

ஆ) எரிகிறது. தாயும் மகளும் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு அழுகிறார்கள். பத்திரிகைக்குப் பிடிக்கும்.

இ) கடைக்குப் போய், மேசைமேல் வைத்து, "இப்ப என்ன சொல்றீங்க?" என்கிறாள். இது எனக்கு வேண்டும். உண்மையில் எனக்கு மட்டும்தான் வேண்டும்.

எது என்று அவளையே கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். அவள் மூடியை அழுத்திப் பொருத்திவிட்டு, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா" என்றேன்.

இன்னும் கொஞ்சம் உரக்க, "அக்கா, முடிவு..."

மேசைமேல் போன் அடித்து ஓய்ந்தது. உள்ளறையிலிருந்து கணவர் நகவெட்டியைக் கேட்டுக் குரல் கொடுத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். பதினோரு நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டாவதும் வந்து போயிற்று.

அவள் திரும்பவில்லை. முடிவு வேண்டும் என்பவர்கள் நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள்.