லோகாவுக்கு மைக் எதுக்கு

கடையில் மூன்றாவதாகக் காட்டிய கிட்டாரை மடியில் வாங்கிய உத்தமன் முதலில் செய்த காரியம், சட்டைப் பையிலிருந்து கேப்போவை எடுத்து நாலாவது கட்டத்தில் மாட்டியதுதான். கேப்போ என்பது துணி காயப்போடும் கிளிப்புக்குப் பெரியண்ணன் மாதிரி ஓர் இடுக்கி. கிட்டாரின் கழுத்தில் அதை எந்தக் கட்டத்தில் கவ்வ விடுகிறோமோ அந்த அளவுக்குச் சுருதி ஏறும். பாடுகிறவர் தொண்டைக்கு ஏற்றபடி வாத்தியத்தைத் தூக்கிக்கொள்ளலாம். பதினோரு வருஷமாக உத்தமனுடைய கேப்போ நாலாவது கட்டத்தை விட்டு இறங்கியதில்லை. அந்த உயரத்தில் பாட ஆள் இல்லாமல் போய் ஏழு மாதம் ஆகிறது. மனசுக்குத் தெரிந்த அந்தச் சங்கதி விரலுக்கு இன்னும் தெரியவில்லை.

"இன்னா அண்ணாத்தே, இவ்ளோ மேல போட்டுகினு வாசிக்கிறீங்கோ? கம்பி கத்துது. அத்த எடுத்துட்டு வாசிங்கோ, அப்பத்தான் மரம் எப்டி பேசுதுன்னு தெரியும்" என்றார் கடைக்காரர் சாதுல்லா பாய்.

உத்தமன் கேப்போவைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்தான். லோகநாயகி கடை வாசலோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றி முந்தானையை இழுத்து மூடியிருந்தாள். அவள் பார்வை வெளியே, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிற பஸ்களின் மேல் இருந்தது. கேட்டாளா கேட்கவில்லையா என்று முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

சாதுல்லா பாய் கல்யாண ஊர்வலத்துக்கு பேண்டு செட் வாடகைக்கு விடுகிறவர். கிழிந்த ஆர்மோனியத் துருத்தியை ஒட்டித் தருவார். சொல்லி வைத்தால் கிட்டாரும் வரவழைத்துத் தருவார். உத்தமனுக்கு இந்தக் கடைக்கு வர இஷ்டமே இல்லை. மவுண்ட் ரோட்டுக்குப் போகலாம், அங்கேதான் நாலு கடை ஏறி இறங்கலாம் என்று ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்தான். "அவ்ளோ தூரம் என்னால முடியாது, பூந்தமல்லிக்கே போலாம், நானும் வரேன்" என்று அவள் காற்றுக் குரலில் சொன்னபோது மறுக்க வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் சபைக்கும் தவிர அவள் வெளியே கிளம்பி எத்தனையோ மாதமாகிவிட்டது. எத்தனை பேர் வந்து போகிற கடை, பாய்க்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு பஸ் ஏறினான்.

பட்டாபிராமில், மிலிட்டரி சைடிங் ரயில் பாதையைத் தாண்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கூடம்தான் அவர்கள் சபை. உத்தமன் ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞானஸ்நானம் கொடுத்த நாளில் எல்லோருக்கும் புதுப்பெயர் வைத்த பாஸ்டர் ஞானாபரணம், உத்தமன் வேதத்திலேயே இருக்கிற பேர்தானே என்று அவனை அப்படியே விட்டுவிட்டார். பேர் பொருத்தத்தைப் பற்றி நாம் இப்போது பேச வேண்டாம். லோகநாயகிக்கு ஏதோ ஒரு பேர் வைத்தார்கள், யார் வாயிலும் ஒட்டவில்லை. அவள் லோகாவாகவே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உத்தமன் கிட்டார் வாசிக்க லோகா முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பாள். அரக்கோணம் வண்டி கூடத்தை உரசுகிற மாதிரி போகும்போதுகூட அவள் குரல் மேலே மிதக்கும். ஆண்கள் பக்கம் அசதியில் தலை தொங்கினவர்கள்கூட மூன்றாவது சரணத்தில் அவள் உச்சிக்கு ஏறும்போது நிமிர்ந்து உட்காருவார்கள்.

சபைக்கு ஒரே ஒரு மைக்தான் வாங்க முடிந்தது. அது வந்திறங்கிய முதல் ஞாயிறு, பாஸ்டர் அதை லோகா முன்னால்தான் நிறுத்தினார். ஒரு பாட்டு முடிந்ததும் உத்தமன் முகம் தொங்கிப்போனது. பெரம்பூர் ரயில்வே காலனியில் ஊரை விட்டுப் போன ஓர் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரரிடம் ஆசை ஆசையாக வாங்கிய கிட்டார். அதன் சத்தம் யார் காதிலும் விழவில்லை. அடுத்த பாட்டுக்கு மைக் தண்டை வளைத்துத் தன் கிட்டாரின் நடுத்துளைக்கு நேராக வைத்துக்கொண்டான். பாஸ்டர் ஒரு மாதிரி பார்த்தார். "லோகாவுக்கு மைக் எதுக்கு பாஸ்டர்? அது தொண்டைக்கு நெமிலிச்சேரி வரைக்கும் கேக்கும்" என்றான். சபையே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது லோகாதான். புருஷன் நாலு பேர் முன்னால் மெச்சிய சந்தோஷம் அவளுக்கு. அன்றிலிருந்து பாட்டுத் தொடங்குமுன் மைக்கை அவளே குனிந்து கிட்டார் பக்கம் வளைத்துவிடுவாள். பிறகு நிமிர்ந்து மூச்சு இழுத்து, நூறு பேர் கைதட்டுக்கும் மேளத்துக்கும் ரயிலுக்கும் மேலே வெறும் தொண்டையால் பாடுவாள். ஊரில் சொலவடையே ஆகிவிட்டது. கல்யாண வீட்டில் சமையல்காரனைக் கூப்பிட வேண்டுமென்றாலும், லோகாவைக் கூப்பிடுங்கள், அவளுக்கு மைக் எதுக்கு என்பார்கள்.

பதினோராவது வருஷம் குரல் கம்மியது. சளி என்று கஷாயம் குடித்தாள். சபை கூடி ஜெபித்தது. கடைசியில் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் விளக்கு விட்டுப் பார்த்துவிட்டு, நோய் பிடித்த பாகத்தை வெட்டி எடுத்தார்கள். உயிர் தங்கியது. குரலுக்குப் பதில் தண்ணீர் இல்லாத அடிபம்பை அடிக்கிற மாதிரி காற்று மட்டும் வந்தது. கத்திப் பாடியதாலா என்று உத்தமன் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டான். "அதாலதான்னு சொல்ல முடியாது. இல்லவே இல்லன்னும் சொல்ல முடியாதுங்க" என்றார் அவர். உத்தமன் அதில் முதல் பாதியை டாக்டரிடமே விட்டுவிட்டு, இரண்டாவது பாதியை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தான்.

சபைக்கு பிக்கப் வைத்த கிட்டார் ஒன்று வாங்குவோம் என்று இந்த முறை அவனேதான் போய்ப் பாஸ்டர் காலில் விழாத குறையாகக் கேட்டான். கிட்டாருக்குள்ளேயே சத்தத்தைப் பிடிக்கிற கருவி இருக்கும், வயரைச் சொருகினால் நேராக ஸ்பீக்கருக்குப் போய்விடும், மைக் வேண்டாம் என்று விளக்கினான். "வாங்குறது வாங்குற, ரயில்வே கேட் வரைக்கும் கேக்குறாப்ல வாங்கு" என்றார் பாஸ்டர். அவன் கணக்கோ வேறு. மைக் ஒழிந்தால் அதை லோகா வாய்க்கு அருகில் வைக்கலாம். காற்றுக் குரலானால் என்ன, மைக் பிடித்துக்கொள்ளாதா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும், அவள் ஒரே ஒரு சரணம் பாடிவிட்டால் போதும், தான் ராத்திரி தூங்கிவிடலாம் என்று நம்பினான். அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

அதனால்தான் முதல் கிட்டார் கணீரென்று கேட்டதும் வேண்டாமென்றான். இரண்டாவது பாட்டை அமுக்கிவிடும் என்றான். மூன்றாவது, தேன் நிறத்தில், மெல்லிய உடம்போடு, வயர் சொருகாதபோது கொசு முனகுகிற அளவுக்குத்தான் பேசியது.

"இதுவே இருக்கட்டும் பாய்."

"இன்னாபா, இருக்கறதுலயே ஊமை இதுதான். நெசமாத்தான் சொல்றியா?"

பாய் வயரைச் சொருகிக் காட்டினார். கடைக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, சுத்தமாக வந்தது. பக்கவாட்டில் இரண்டு திருகுகள். ஒன்றைத் திருப்பினால் சத்தம் ஏறும், இறங்கும். முழுக்க இறக்கினால் ஸ்பீக்கர் ஊமையாகி, கொசு முனகல் மட்டும் மிஞ்சும். "இனிமே மைக்க கிட்டார் மூஞ்சில நட்டு வெக்க வேணாம். பாடுறவங்களுக்கே குட்துடலாம்" என்றார் பாய், நல்ல மனசோடு.

லோகநாயகி எழுந்து உள்ளே வந்தாள். கிட்டாரின் வயர் சொருகுகிற துளையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். பாய்க்குக் காதில் விழவில்லை, குனிந்தார். மறுபடி கேட்டாள்.

"இந்த மாதிரி கிட்டார் எப்பலேர்ந்து வருது பாய்?"

"இதுவா? ஆறேழு வருசமா வருது தங்கச்சி. மொதோ தபா வந்தப்ப உங்க ஊட்டுக்காரருக்குத்தான் காட்னேன். ஒரு மணி நேரம் வாசிச்சாரு. டப்பா சத்தம் வருது, எங்க பழைய மரத்துக்கு ஈடாவாதுன்னு வெச்சிட்டுப் பூட்டாரு. இன்னா அண்ணாத்தே, ஞாபகம் கீதா?"

ஞாபகம் இல்லாமல் என்ன. அன்றைக்கு அனுப்பியதே பாஸ்டர்தான். வாங்கி வா என்றுதான் அனுப்பினார். வெறுங்கையோடு திரும்பியவன் பாஸ்டரிடமும் அவளிடமும் ஒரே பொய்யைச் சொன்னான்: அந்த மாதிரி கிட்டார் இன்னும் மெட்ராசுக்கே வரவில்லையாம். "வராட்டி போவட்டும், கீற தொண்ட போதும்" என்று அவள் அன்று சோற்றைப் போட்டாள். இப்போது அவன் கிட்டாரின் திருகையே பார்த்துக்கொண்டு நின்றான். லோகநாயகி உறையை எடுத்து, கிட்டாரை அவளே உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஆவடி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. கிட்டாரை மடியில் நிறுத்தி அணைத்துக்கொண்டு அவள் வெளியே பார்த்தபடி வந்தாள். பருத்திப்பட்டு ஏரி தாண்டியது. அப்புறம் தாங்க முடியாமல், "லோகா, நான் வேணும்னு செய்யல. எனுக்கு அந்தப் பழைய கிட்டார்மேல ஒரு இது. நீ நல்லாத்தான பாடிகினு இருந்த. இப்டி ஆவும்னு சத்தியமா நெனக்கல. எதுனா சொல்லு. திட்டவாச்சும் திட்டேன்" என்றான்.

அவள் அவன் காதருகே வந்தாள். எஞ்சின் இரைச்சலில் இரண்டு தடவை முயன்ற பிறகுதான் அவனுக்குக் கேட்டது.

"பஸ்ல சத்தமா கீது. என்னால பேச முடியாது."

சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிறு காலை மற்றவர்கள் வருமுன் உத்தமன் கூடத்துக்குப் போய்விட்டான். புதுக் கிட்டாரில் வயரைச் சொருகினான். மைக்கை அவள் நிற்கிற இடத்தில், அவள் உதட்டு உயரத்துக்கு ஏற்றி இறுக்கினான். அவள் உயரத்தை அவன் அளந்து பார்க்க வேண்டியதில்லை. மேளக்காரனைப் பிடித்து இன்றைக்கு மெதுவாகத் தட்டு என்று சொல்லி வைத்தான். கூடம் நிறைந்தது. மைக் இடம் மாறியிருப்பதை எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பெண்கள் பக்கம் ஜமக்காளத்தில் லோகநாயகி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள், "போமா லோகா. உனுக்குத்தான் வெச்சிகீறாரு. முணுமுணுன்னு வந்தாலும் போதும், கர்த்தருக்குக் கேக்கும்" என்று முதுகைத் தடவி எழுப்பிவிட்டாள்.

அவள் எழுந்து வந்தாள். வெள்ளைப் புடவைத் தலைப்பைத் தலையில் சரி செய்துகொண்டு மைக்குக்கு முன்னால் நின்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த இடத்தில் அவளைப் பார்த்ததும் பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உத்தமன் நாலாவது கட்டத்தில் கேப்போவை மாட்டினான். அவள் மைக்கையே பார்த்தாள். உதடு பிரிந்தது. ஸ்பீக்கரில் ஒரு மூச்சு, ஒரே ஒரு மூச்சு, கூடம் முழுவதும் கேட்டது.

பிறகு அவள் குனிந்து, இறுக்கியிருந்த திருகை இரண்டு கையாலும் தளர்த்தி, தண்டை மெல்ல வளைத்து, மைக்கைக் கிட்டாரின் நடுத்துளைக்கு நேராக வைத்தாள். பதினோரு வருஷமும் செய்தது போலவே. கிட்டாரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற வயர் அவள் காலடியில்தான் கிடந்தது. அதை மிதிக்காமல் தாண்டித் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

உத்தமன் அவள் முகத்தைத் தேடினான். அவள் தலை குனிந்திருந்தது. மன்னித்துவிட்டாள் என்பதா, இந்தா நீ கேட்டதை நீயே வைத்துக்கொள் என்பதா, அவனுக்கு விளங்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. சபை பாட்டுக்காகக் காத்திருந்தது. அவன் மைக்கைத் தொடவில்லை. கிட்டாரின் பக்கத்துத் திருகைக் கட்டைவிரலால் கடைசி வரை திருப்பிச் சத்தத்தை முழுக்க இறக்கினான். அந்த ஊமைக் கிட்டாரின் முனகலை, பழையபடி, மைக் பொறுக்கி எடுத்து ஸ்பீக்கருக்குக் கொடுத்தது.

பாட்டை பாஸ்டரே எடுத்தார். சுருதி எட்டாமல் தடுமாறினார். சபையும் சேர்ந்து தடுமாறிக்கொண்டே இரண்டு சரணம் கடந்தது. மூன்றாவது சரணத்தில் மேலே ஏறுகிற அந்த இடம் வந்தபோது ஆண்கள் விட்டார்கள், பெண்கள் விட்டார்கள், பாஸ்டரும் விட்டார். வெளியே அரக்கோணம் வண்டி கூரையை அதிர வைத்துக்கொண்டு போனது. உத்தமன் நிறுத்தாமல் வாசித்தான். ஜமக்காளத்தில் மூன்றாவது வரிசையில், முந்தானைக்குள், லோகநாயகியின் வாய் அகலமாகத் திறந்திருந்தது.