மான் வேட்டைக்கு முந்தைய நாள் தீர்ப்பு

வழக்கில் தீர்ப்புச் சொல்ல வரும்படி ஜூரி அழைப்பு தபாலில் வந்த நாளிலிருந்து எனக்கு யோசனை சொல்லாதவர் எங்கள் மாவட்டத்தில் பாக்கியில்லை. வாக்குச்சாவடி எங்கே இருக்கிறது என்று கேட்டால் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜூரிக் கடமையிலிருந்து கழன்றுகொள்வது எப்படி என்று கேட்டால் ஒவ்வொருவரும் பேராசிரியர். சித்தப்பா போன் செய்து சொன்னார்: "உள்ள போனதும், அந்த ஆளப் பாத்தாலே குத்தவாளின்னு தெரியுதுங்கன்னு சொல்லிடு. அடுத்த நிமிஷம் வீடு." என் கல்லூரி அறைத் தோழன் குளிக்காமல் போகச் சொன்னான். நான் எப்போதுமே அப்படித்தான் போகிறேன் என்பதால் அதில் புதுமை தெரியவில்லை.

காத்திருப்பு அறையில் எண்பது பேர். ஒருவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய துண்டுகள் பக்கத்து நாற்காலிக்காரியின் பின்னல் நூலில் விழுந்தன. இன்னொருவர் பையிலிருந்து அவித்த முட்டைகளை எடுத்து உரித்தார். சுவரில் தொலைக்காட்சி, குடிமக்களின் தீர்ப்பு எவ்வளவு புனிதமானது என்று கொடி பறக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. யாரோ எழுந்து போய் ஒலியைக் குறைத்தார். அறை முழுக்க அவருக்கு நன்றி சொன்னது. அன்று நான் பார்த்த ஒரே ஒருமித்த முடிவு அதுதான்.

என்னைக் கூப்பிட்டார்கள். அரசு வழக்கறிஞர் கேட்டார்: "மிஸ்டர் நீல்ஸ் க்ரோல், போலீஸ்காரர் சாட்சி சொன்னா நம்புவீங்களா?"

"நான் யாரையும் நம்புறதில்ல சார்."

"பாதிரியார் சொன்னா?"

"அவரையும் அதே அளவுக்குத்தான்."

துரத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் என்னைப் பிடித்துப் போயிற்று. "பாரபட்சமில்லாத இளைஞர்" என்று சொல்லி நீதிபதி அம்மா ஒன்பதாவது நாற்காலியைக் காட்டினார். எனக்கு முன்னால் ஒருவன் சித்தப்பாவின் வசனத்தை வார்த்தை மாறாமல் ஒப்பித்துவிட்டு இரண்டே நிமிடத்தில் வீட்டுக்குப் போயிருந்தான். போகும்போது எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் லேசான இரக்கம் இருந்தது.

வழக்கு சிறியது. டோரீன் மாடிசெக், ஐம்பத்துநாலு வயது. படுக்கையில் கிடக்கும் முதியவர்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்துக்கொள்கிற வேலை, இருபத்திரண்டு வருஷமாக. நெல்சன் என்ற பால்பண்ணைக்காரக் கிழவருக்கு வலி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவள். பூட்டிய அலமாரியில் இருந்த அந்த மாத்திரைகளில் பதினொன்று குறைந்திருந்தன. அவள் திருடினாள் என்று கிழவரின் மகன் கர்ட் புகார் கொடுத்திருந்தான். அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று டோரீனிடம், மற்றது கர்ட்டிடம்.

வியாழக்கிழமை டோரீன் சாட்சிக் கூண்டில் ஏறினாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். வெந்நீரில் வெந்தது போலச் சிவந்து, தோல் உரிந்த கைகள்.

"நான் எடுக்கல. இது என்மேல விழுந்துட்டா எந்த வீட்டு வாசல்லயும் என்னை ஏத்த மாட்டாங்க. இந்த வேலைய விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது" என்றாள்.

அரசு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி அம்மா எங்கள் பக்கம் திரும்பி, தண்டனையால் என்ன ஆகும் என்பது எங்கள் கவலையல்ல, அவள் கடைசியாகச் சொன்னதை மறந்துவிடுங்கள் என்றார். பன்னிரண்டு பேரும் கீழ்ப்படிதலோடு மறந்தோம். சிலர் அதற்கு முன்னால் சொன்னதையும் சேர்த்து மறந்தார்கள்.

அன்று மதியம் கர்ட் வந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"நான் அந்த அலமாரியத் தொட்டதே இல்ல. மாத்திர விஷயமெல்லாம் அவதான்" என்றான்.

டோரீனின் வழக்கறிஞர் ஆப்ரி லுண்ட், அரசு அமர்த்திய இளம்பெண். ஒரே வாரத்தில் நாற்பது வழக்கு பார்க்கிற களைப்பு முகத்தில். "புகார் குடுத்த அன்னிக்குக் காலைல பதினொண்ணு குறையுதுன்னு போலீசுக்குப் போன் பண்ணீங்க. தொடாத அலமாரில எத்தன குறையுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

கர்ட்டின் முழங்கால் நின்றது. "தோணிச்சு" என்றான்.

எனக்குக் கேட்டது. ஆனால் அந்த நொடியில் எங்கள் வரிசையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்றும் சொல்ல வேண்டும். ஆணிக்கடை வைத்திருக்கும் வெண்டல் ஷுல்டே, வாய் திறந்து, தாடை நெஞ்சில் பட, தூங்கிக்கொண்டிருந்தார். உதட்டோரம் எச்சில் ஒரு கோடாக இறங்கியிருந்தது. மரக்கடையில் வேலை பார்க்கும் டக் பியெலாக் இருமல் மிட்டாயின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான், சத்தம் வராமல் பிரிக்கிறோம் என்று நினைப்பவர்கள் பிரிக்கிற வேகத்தில். எங்களுக்குக் குறிப்பெழுத நோட்டுப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். என்னுடையதில் வெண்டலின் எச்சிலை நான் நன்றாகவே வரைந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் எங்களைத் தனியறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். போவதற்கு முன் நீதிபதி அம்மா ஒன்று சொன்னார்: பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும், ஐந்து மணிக்குள் வராவிட்டால் நாளைக் காலை ஒன்பதுக்குத் தொடரலாம்.

நாளை சனிக்கிழமை. துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகலாம் என்று அனுமதிக்கும் ஒன்பது நாட்களில் முதல் நாள். அந்த ஒன்பது நாளும் எங்கள் ஊரில் ஆண்கள் யாரும் கல்யாணம் செய்துகொள்வதில்லை, முடிந்தால் சாவதும் இல்லை. டக்கின் ஆரஞ்சு வேட்டைத் தொப்பி ஏற்கெனவே மேசைமேல் இருந்தது. அதை மாட்டக்கூடாது என்று இரண்டு நாளாகக் காவலர் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வெண்டலைத் தேர்ந்தெடுத்தோம், சன்னல் வெளிச்சம் விழுந்த நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். நன்றாகத் தூங்கியவர் என்பதால் உற்சாகமாகவும் இருந்தார்.

"கை தூக்குங்க பாப்போம். குத்தவாளின்னு எத்தன பேர்?"

பத்துக் கைகள். தூக்காதவர்கள் இருவர். ஒன்று நான். மற்றது நாலாம் எண், ஜூன் ஹால்வர்சன். பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுக்கிறவர். வெள்ளைக் கம்பளிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசுவார்.

"அந்தப் பையன் தொட்டதே இல்லன்னான். அப்புறம் எண்ணிக்க மட்டும் தோணிச்சுன்னான். நான் எழுதி வெச்சிருக்கேன்" என்றார்.

"அப்படி எப்பச் சொன்னான்?" என்றார் வெண்டல்.

"நேத்து. நீங்க கண்ண மூடியிருந்தீங்க."

"கண்ண மூடினா நான் யோசிக்கிறேன்னு அர்த்தம்மா."

"சொன்ன ஞாபகமே இல்ல" என்றான் டக். "யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. ஒரு பெண் மட்டும், அவன் மகன்தானே, மகனுக்குத் தெரியாதா என்றாள். இன்னொருவர், டோரீன் ஒரு சொட்டு அழவில்லை, எடுக்காதவளாக இருந்தால் அழுதிருப்பாள் என்றார். அழுதிருந்தால் இதே மனிதர் நடிப்பு என்று சொல்லியிருப்பார்.

ஜூன் விடவில்லை. "நீதிபதிய அந்த இடத்த மறுபடி வாசிக்கச் சொல்லலாமே. அது நம்ம உரிம."

"கேக்கலாம்மா, தாராளமாக் கேக்கலாம். மூணே முக்கால் ஆச்சு. அவங்க தேடி எடுத்து, வக்கீலுங்களக் கூப்பிட்டு, மறுபடி நம்மள உள்ள கூட்டிட்டுப் போயி..." வெண்டல் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்கு ஓட்டல்ல மீன் வறுவலுக்கு மேசை சொல்லி வெச்சிருக்கேன். பொண்டாட்டி பிறந்தநாளு."

"காலேஜு, நீ என்ன ஊமையா?" டக் என்னைப் பார்த்தான். "நீ எதுக்குக் கை தூக்கல?"

எல்லோரும் திரும்பினார்கள். நான் சொல்ல வேண்டியது ஒரு வரி. எனக்கும் கேட்டது, அவ்வளவுதான். இரண்டு பேர் கேட்டோம் என்று சொல்லியிருந்தால் வேறு வழியில்லாமல் வாசிக்கக் கேட்டிருப்பார்கள்.

அதற்குள் ஜூன் மறுபடி ஆரம்பித்துவிட்டார். இரண்டு சாவியைப் பற்றி, முதலிலிருந்து, பிள்ளைகளுக்குச் சுரவரிசை சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு. டக் தலையை மேசையில் வைத்தான். நான் அவர் பேசுவதை இடைமறித்துச் சொன்னேன்:

"இவங்க முடிக்கிறதுக்குள்ள மானெல்லாம் வயசாகித் தானாவே செத்துடும்."

அறை சிரிப்பில் அதிர்ந்தது. வெண்டல் இருமும்வரை சிரித்தார். டக் எழுந்து வந்து என் முதுகில் தட்டினான். கையில் மிட்டாய்ப் பிசுக்கு. "காலேஜு, நீ நம்ம ஆளுடா" என்றான். கல்லூரியில் மூன்று வருஷமாக நான் அடித்த நக்கல்கள் எதற்கும் பன்னிரண்டு பேர் அறையில் பத்துப் பேர் சிரித்ததில்லை. உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியதை ஒத்துக்கொள்கிறேன். வெந்நீரில் இறங்குவதுபோல. அதிலிருந்து எழுந்து வெளியே வர மனமில்லை.

ஜூன் சிரிக்கவில்லை. பொத்தானைத் திருகுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கும் கேட்டுதுன்னு நெனச்சேன். அவன் சொன்னப்ப நீங்க நிமிந்து பாத்தீங்க."

"சரியா ஞாபகமில்ல மேடம்" என்றேன்.

"மறுபடி கை தூக்குங்க" என்றார் வெண்டல்.

நான் தூக்கினேன். பதினொன்று. ஜூன் நோட்டுப் புத்தகத்தை மூடினார். அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். டக் தொப்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு அவரும் தூக்கினார், தோள் உயரத்துக்கு மட்டும்.

"ஜனநாயகம்" என்று சொல்லி வெண்டல் தாளில் கையெழுத்துப் போட்டார். நாலு மணி பத்து நிமிடம்.

நீதிமன்றத்தில் வெண்டல் தீர்ப்பை வாசித்தார். குற்றவாளி. டோரீன் அப்போதும் அழவில்லை. தனக்குப் பின்னால் யாரையாவது சொல்கிறார்களா என்பதுபோல ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆப்ரி லுண்ட் எழுந்து, ஜூரிகள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றாள். அது அவளுடைய கட்சிக்காரரின் உரிமை. டக் மூக்கு வழியாக மூச்சுவிட்டான்.

நீதிபதி அம்மா எண் வரிசைப்படி கேட்டுக்கொண்டு வந்தார். இது அப்போதும் இப்போதும் உங்கள் தீர்ப்புதானா? ஆமாம். ஆமாம். ஆமாம். நாலாம் எண். ஜூன் கழுத்துப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். வரிசையில் முன்னால் சாய்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் 'இல்லை' என்றால் நானும் சொல்லிவிடலாம் என்று. அவரும் அதே கணக்கில்தான் என்னைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

"ஆமாம்" என்றார் ஜூன்.

ஒன்பது. இப்போது டோரீன் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. படுக்கையில் கிடப்பவர் வாயைத் திறக்க, கையில் கரண்டியோடு காத்திருக்கிறவளின் பார்வை அது. அவசரமில்லை, நிதானமாச் சொல்லு என்று.

"ஆமாம்" என்றேன். என் குரல் தெளிவாக இருந்தது. காவலர்கூடத் தலையசைத்தார்.

நீதிபதி அம்மா எங்கள் சேவைக்கு நன்றி சொல்லி அனுப்பினார். டோரீனுக்குத் தண்டனையை ஜனவரியில் சொல்வதாகச் சொல்லி, அதுவரை வெளியே இருக்கலாம் என்றார். அவளுடைய வேலை உரிமத்தைப் பறிக்க ஜனவரிவரை காத்திருக்கத் தேவையில்லை; இன்றைய தீர்ப்புத் தாள் போதும்.

நீதிமன்ற நடைக்கூடத்தில் ஆப்ரி லுண்ட் நின்றிருந்தாள், கையில் குறிப்பெழுதும் மஞ்சள் தாள் அட்டை. தோற்ற வழக்கறிஞர்கள் அப்படி நிற்பது உண்டு. அடுத்த முறைக்குக் கற்றுக்கொள்ள. பேசப் பிடித்த ஜூரிகள் பேசலாம்.

"ஒங்க கட்சிக்காரம்மா கொஞ்சம் அழுதிருக்கலாம்" என்று டக் அவளுக்கு நடையிலேயே பாடம் எடுத்துவிட்டுப் போனான், தொப்பியை மாட்டிக்கொண்டு.

அவள் என்னைப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். 'தோணிச்சு'ன்னு அவன் சொன்னது யாருக்காவது கேட்டுதா?"

"எனக்குக் கேட்டுது" என்றேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. தூக்கம், மிட்டாய்க் காகிதம், மீன் வறுவல், மான், என் நக்கல், எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முதலில் எழுதிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திப் பேனாவை மூடினாள்.

"இத வெச்சு மறு விசாரண கேக்கலாமில்ல? நான் எழுதித் தரேன். கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"கேக்க முடியாது. ஜூரி அறைக்குள்ள நடந்த பேச்ச வெச்சுத் தீர்ப்ப உடைக்கக்கூடாது. சட்டமே அப்படித்தான். நீங்க நூறு கையெழுத்துப் போட்டாலும் நீதிபதி அதப் படிக்க மாட்டாங்க."

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"இப்ப ஒண்ணும் இல்ல." அவள் அட்டையைப் பைக்குள் வைத்தாள். "பதினஞ்சு நிமிஷம் முன்னாடி ஒங்கள ஒரு கேள்வி கேட்டாங்க. நான்தான் கேக்க வெச்சேன். ஒருத்தர் 'இல்ல'ன்னு சொல்லியிருந்தாப் போதும், திரும்ப உள்ள அனுப்பியிருப்பாங்க. அதுக்காகத்தான் அந்தக் கேள்வியே இருக்கு."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வழக்கின் கோப்பைத் தேடிக்கொண்டே போய்விட்டாள்.

வெளியே படிகளில் பனி உறைந்திருந்தது. வெண்டல் எனக்கு முன்னால் இறங்கினார், சட்டென்று சறுக்கினார். பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த ஒருத்தி பாய்ந்து அவர் முழங்கையின் கீழே ஒரு கையும் முதுகில் ஒரு கையும் கொடுத்துத் தாங்கினாள். யோசித்துச் செய்ததல்ல, அந்தப் பிடி இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம். "மெதுவா, ஒரு காலு, அப்புறம் இன்னொரு காலு" என்று சொல்லி மூன்று படி இறக்கிவிட்டாள். அப்புறம்தான் யாரைப் பிடித்திருக்கிறோம் என்று பார்த்தாள். கைகளை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டிகள் நிற்கும் பக்கம் நடந்தாள்.

வெண்டல் சட்டையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் திரும்பினார்.

"பாவம், நல்ல பொம்பளதான். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி?"

"இருக்கு சார்" என்றேன்.