இருபத்தைந்தாவது வீடு

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டத் துணி தேடிய செலினுக்குக் காக்கித் துண்டுதான் அகப்பட்டது. தையல் மிஷினுக்கு அடியில் கூடை நிறையக் கிடந்தது, மாமியார் ஞானகுமாரி பட்டாளத்துச் சட்டைகளுக்குக் காலர் தைத்த மிச்சம். ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள். கட்டும்போது மாமியாரின் விரல்களில் இன்னும் சூடு இருப்பதுபோல் பட்டது. காலை ஏழரை மணிக்கு அந்தக் கால்கள் வாசலில் நின்றுகொண்டு பந்தல்காரனை விரட்டிக்கொண்டிருந்தன.

"அந்தக் கயித்த இன்னும் கொஞ்சம் இழு நைனா. ஆபீசரு வர்றாரு, தல இடிக்கப் போவுது."

அப்படிச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று மடக்கு நாற்காலி ஒன்றை விரித்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பட்டாபிராமிலிருந்து டாக்டர் வந்து பார்த்து, உட்காரும்போதே போயிருக்கும் என்றார்.

பந்தலை அவிழ்க்க யாரும் சொல்லவில்லை. மதியம் நடக்கவிருந்த சங்கக் கூட்டத்துக்குப் போட்ட பந்தலின் கீழேயே பெஞ்சைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கூட்டத்துக்கு எடுத்த நாற்காலிகளிலேயே பெண்கள் வந்து உட்கார்ந்து அழுதார்கள். ஞானகுமாரி கடைசியாக உட்கார்ந்த நாற்காலி மட்டும் சுவரோரம் காலியாக இருந்தது.

டாக்டர் தலையை ஆட்டியபோது செலினின் மனதில் முதலில் வந்தது அழுகை அல்ல. 'இனி ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து டீ போட வேண்டாம்' என்பதுதான். எங்கிருந்து அது வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போதிலிருந்து யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்க முடியாமல் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தாள்.

முத்தாபுதுப்பேட்டையில் அவர்கள் இருந்த லைன் வீடுகள், யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் தன் கூலிகளுக்குப் போட்டவை. அவன் போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் பட்டா வரவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் ஞானகுமாரி பஜாரில் இருந்த ஒரு பேங்குக்குப் பணம் போடப் போனாள். மேனேஜர் முகவரியைப் படித்தார். "புறம்போக்கா?" என்று கேட்டு, பாரத்தை மேஜைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார். அவள் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, அடுத்த வீட்டுக் கெங்கம்மாளிடம், "அவங்க பேங்கு அவங்களுக்கு இருக்கட்டும். நாம ஒண்ணு வெப்போம்" என்றாள். கெங்கம்மாள் சிரித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பெண்கள் வந்தார்கள். மாமனார் இக்னேஷியஸ் அதற்கு 'பவுடர் டப்பா பேங்க்' என்று பேர் வைத்தார். முதல் வருஷம் பணம் இருந்தது உண்மையிலேயே பவுடர் டப்பாவில்தான்.

அரசாங்கத்தில் பதிந்தால்தான் அது நிஜமான சங்கம் ஆகும், அதற்கு இருபத்தைந்து பேர் வேண்டும் என்று தெரிந்ததும் ஞானகுமாரி தெருத் தெருவாக அலைந்தாள். அந்த நாட்களில்தான் செலின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "அத்த, நானும் சேரட்டா?" என்று கேட்டாள். ஞானகுமாரி எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஊட்டுக்கு ஒரு ஆளுதான். சட்டம்."

செலின் டம்ளரை அந்தக் காகிதத்தின் மேலேயே டக்கென்று வைத்தாள். டீ தளும்பியது. அன்றைக்கு இரவு சாப்பிடும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் பேசினார்கள், பால்காரனைப் பற்றி.

இரண்டரை மணிக்கு ஒரு மொபெட் வந்து நின்றது. கக்கத்தில் ஃபைலோடு இறங்கியவர், சங்கத்தைப் பதிய வரவிருந்த கூட்டுறவு ஆபீசர் இராமகிருஷ்ணன். பந்தலையும், நாற்காலிகள் நிறைந்த பெண்களையும் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே, எல்லாரும் எனக்கு முன்னாடியே வந்துட்டீங்களா?"

இரண்டடி உள்ளே வந்த பிறகுதான் அவர் மெழுகுவர்த்தியைப் பார்த்தார். பிறகு முகத்தை. செருப்பைக் கழற்றுவதற்குத் திரும்பி வாசலுக்கே போனார்.

"நேத்து சாயங்காலம்கூட மருந்துக் கடையிலேர்ந்து போன் பண்ணாங்களே" என்றார், வெறும் காலோடு நின்று. "வழி சொன்னாங்க. தண்ணி டேங்க் கிட்ட திரும்புங்கன்னு..."

கெங்கம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "சார், இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாமா?"

அவர் தயங்கினார். "திங்கக்கிழமை எனக்கு திண்டுக்கல்லுக்கு மாத்தல்மா. ஏற்கெனவே ரெண்டு தடவை ஒத்திவச்சாச்சு. புதுசா வர்றவர் எல்லாத்தையும் மொதல்லேர்ந்து கேப்பாரு. வேணாம்னுகூட எழுதிடலாம்."

பின்வரிசையில் பேபி குனிந்துகொண்டே சொன்னாள்: "ஞானக்காவே போயிடுச்சு. அவங்கவங்க போட்டத பிரிச்சுக் குட்த்துடுங்க. இன்னாத்துக்கு இனிமே?"

இரண்டு மூன்று தலைகள் அதற்கு ஆடின. செலின் அந்தத் தலைகளைப் பார்த்தாள். நாலு வருஷம் இப்படித்தான் கலையும், பத்து நிமிஷத்தில், ஒரு பின்வரிசைப் பேச்சில். காலையில் தான் நினைத்தது இப்போது தன் கண்முன்னால் நடக்கப் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"அண்ணாத்தே, நீ சொல்லு" என்றாள் கெங்கம்மாள்.

தலைமாட்டில் குந்தியிருந்த இக்னேஷியஸ் மனைவியின் நெற்றியில் உட்கார வந்த ஈயை விரட்டினார். பிறகு எழுந்து வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். சின்ன மர மேஜையைத் தலையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பெஞ்சின் கால்மாட்டுக்குச் சற்றுத் தள்ளிப் போட்டார்.

"பையன் பெட்டி வாங்கப் போய்க்கிறான். ஃபாதர் அஞ்சு மணிக்குத்தான் வருவாரு" என்றார். "அவ கூட்ன மீட்டிங்கு. நட்த்துங்க."

இராமகிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பேர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாக எழுந்து கையெழுத்துப் போட்டார்கள். பாதிப் பேருடையது ஞானகுமாரி சொல்லிக்கொடுத்துப் பழகிய கையெழுத்து. பேபி போட்டதில் 'பே'யின் கொம்பு ஞானகுமாரி எழுதுவதைப் போலவே பெரிதாக வளைந்தது. கடைசியில் அவர் பேனாவால் வரிசையை மறுபடி எண்ணினார்.

"இருபத்தி நாலுதான் இருக்கு."

"இன்னா சார்? இருபத்தஞ்சு" என்றாள் கெங்கம்மாள். "இதோ கீறாளே!" கையை நீட்டிவிட்டாள். நீட்டிய கை பெஞ்சின் மேல் நின்றது. அதை மடக்கத் தெரியாமல் அப்படியே வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உசுரோட இருக்கிறவங்கதான்மா கணக்கு" என்றார் அவர், மெதுவாக. "யாராவது ஒருத்தங்க. ஆனா ஏற்கெனவே ஆள் இருக்கிற வீட்டிலேர்ந்து கூடாது."

லைனில் மிச்சமிருந்த வீடுகளை அவர்கள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றில் புருஷன் விடமாட்டான். ஒன்று பூட்டிக் கிடந்தது. இன்னொன்றில் இருந்தவளுக்கு வயது பதினாறு.

செலினுக்கு விடை முன்பே தெரிந்துவிட்டது. அவர் 'ஆள் இருக்கிற வீடு' என்று சொன்னபோதே தெரிந்துவிட்டது. இன்னும் குழியில் இறக்கவில்லை. அதற்குள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? ஊரை விடு. பெஞ்சில் படுத்திருப்பவள் என்ன நினைப்பாள்? 'இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தியா?' என்று கேட்பாளோ? காலையில் டீயை நினைத்த மனசு, இதையும் நினைத்திருக்காது என்று எப்படிச் சொல்வது? ஆனால் காலியாக விட்டால் அது வெறும் காலியிடமாகத்தான் இருக்கும். பேபியின் தலை மறுபடி ஆடும்.

"சார்" என்றாள். குரல் உடைந்து வந்தது. "இந்த ஊட்டுல இப்ப ஆளு இல்ல சார்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"நான் மருமக. செலின்."

கெங்கம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்து, "நவுருடி, வழி உடு" என்றாள்.

"சேர்க்கைக் கட்டணம் ஒண்ணு, பங்கு பத்து. பதினோரு ரூபா கட்டணும்" என்றார் இராமகிருஷ்ணன்.

இக்னேஷியஸ் சட்டைப் பையைத் தடவினார்.

"வேணாம் மாமா. எங்கிட்ட கீது."

உள்ளே போய்க் கல்யாண ஆல்பத்தை எடுத்தாள். பின்னட்டை உறைக்குள் விரலை விட்டாள். ஒரு பத்து ரூபாய், ஒரு ஒற்றை ரூபாய். டம்ளரை டக்கென்று வைத்த அன்றைக்கு இடுப்பில் செருகியிருந்த நோட்டுகள். இரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை முடை வந்தும் அதை அவள் தொட்டதில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டதும் இல்லை.

கையெழுத்து வாங்கிய பிறகு இராமகிருஷ்ணன் ஃபைலிலிருந்து ஞானகுமாரியின் பாரத்தை உருவினார். "இவங்க பங்கு, சேமிப்பு எல்லாம் வாரிசுக்குச் சேரணும். யாரைப் போட்டிருக்காங்கன்னு பாத்துடறேன்."

"எம் பேருதான் இருக்கும்" என்றார் இக்னேஷியஸ்.

"இல்லைங்களே. செலின். உறவு, மருமகள்."

இக்னேஷியஸ் பாரத்தை எட்டிப் பார்த்தார்.

"முப்பது வர்சம் குடுத்தனம் பண்ணேன். எம் பேரப் போடல பாரேன்" என்றார் இக்னேஷியஸ், பெஞ்சைப் பார்த்து.

"போட்டா இன்னா ஆவும்னு தெரியாதா அவளுக்கு? ஒரே வாரத்துல சாராயக் கடையில டெபாசிட் ஆயிருக்கும்" என்றாள் கெங்கம்மாள். அழுகைக்கு நடுவில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். இக்னேஷியஸுக்கும் உதடு கோணியது. உடனே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, காலையிலிருந்து அழாத அழுகையை அழுதார்.

செலின் மேஜையருகிலேயே நின்றாள். பாரத்தில் அவள் பேர் இருந்த வரியின்மேல் பழுப்பாக ஒரு வட்டம் பதிந்திருந்தது. டம்ளரின் அடிப்பாகம். வட்டத்தின் ஓரத்தில் டீ தளும்பி, 'மருமகள்' என்ற சொல்லின் மை கொஞ்சம் கரைந்திருந்தது. அப்படியானால் எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான். நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷம், ஒரே அடுப்பு. சொல்லியிருக்கலாம்.

அவள் பெஞ்சருகே போனாள். காக்கித் துண்டின் முடிச்சு நெகிழ்ந்திருந்தது. அவிழ்த்து, இறுக்கிக் கட்டினாள்.

நாலரை மணிக்கு போர்டு எழுதும் அய்யாசாமி வந்தான். கூட்டம் தொடங்குவதற்குள் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்த சங்கத்துப் போர்டு ஒரு கையில். கல்லறைக்கான மரச்சிலுவை இன்னொரு கையில். இரண்டையும் ஒரே டப்பா வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தான். சிலுவையில் வயது மட்டும் பாக்கி. யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. செலின் பாரத்தில் ஐம்பத்தொன்று என்று பார்த்திருந்தாள். இரண்டு வருஷத்தைக் கூட்டிக்கொண்டாள்.

"அம்பத்தி மூணு" என்றாள்.

அவன் குந்தி உட்கார்ந்து எழுதினான். "ரெண்டும் ஈரமா கீதும்மா. கை படாம பாத்துக்க."

மகன் பெட்டியோடு வந்தான். ஃபாதர் வந்தார். ஜெபம் முடிந்து தூக்கும்போது பந்தலே அலறியது. சிலுவையை இக்னேஷியஸ் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பெண்கள், சங்கமாக அல்ல, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, பின்னால் போனார்கள்.

போர்டு தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தது. புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. செலின் கடைசியாக நின்றாள். ஓரங்களை மட்டும் விரல் நுனியால் பிடித்து அதைத் தூக்கினாள். வைக்க இடம் பார்த்து, சுவரோரம் காலையிலிருந்து காலியாக இருந்த மடக்கு நாற்காலியின் மேல் நிமிர்த்தி வைத்தாள்.

'முத்தாபுதுப்பேட்டை மகளிர் சிக்கன நாணயச் சங்கம்' என்று வெள்ளை எழுத்துகள் ஈரத்தில் மின்னின. கீழே 'பதிவு எண்' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் அய்யாசாமி ஒரு சாண் இடம் விட்டிருந்தான்.