அமிர்தநாதன் குவைத்தில் இருந்த ஏழு மாதம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தாராவிப் பள்ளிக்கூட ஹாலில் மைக் டெஸ்டிங் நடந்துகொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த மருமகள் ஸ்வீட்டி தன் கைபேசியை மேடைப் பக்கம் திருப்பி, "மாமா, உங்க புள்ள வீடியோல இருக்காரு, பாருங்க" என்றாள். மேடையில் வலது பக்க மேசைக்குப் பின்னால் இருந்த அமிர்தநாதன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மகன் ஜாபெஸ் பனியனோடு கட்டிலில் சாய்ந்திருந்தான். குவைத்தில் ஏசி மெக்கானிக். ஒன்பது நாளாக அங்கே போர்ச் சைரன் ஒலித்துக்கொண்டிருந்தது. விமான நிலையம் மூடிக் கிடந்தது. சவூதி எல்லை வழியாக ஆட்களை வெளியே கொண்டுபோகக் கம்பெனி ஒரு வேன் பிடித்திருந்தது. அங்கே ஐந்து மணிக்கு, நமக்கு ஏழரைக்கு, அது கிளம்பும். இடம் இருந்தது. பெயர் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஜாபெஸ் கொடுக்கவில்லை.

"டென்ஷன் எடுக்காதீங்க பா. நீங்க ஏழு மாசம் இருந்தீங்க. நான் பத்து நாள்ல பாக் கயான்னு ஓடி வந்தா நல்லாவா இருக்கும்?" என்றான்.

ஸ்வீட்டியின் அருகில் இருந்த அவன் அம்மா ஏஞ்சலம்மாள், "அப்படியே அவங்க அப்பா" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். குரலில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. பெருமை ஒரு படி கூடுதல்.

அந்த ஒன்பது நாளில் தாராவியில் இந்தப் போரையும் தொண்ணூறாம் வருஷக் குவைத் போரையும் ஒப்பிடாத ஆள் இல்லை. சலூனில் ஒப்பிட்டார்கள், ரேஷன் வரிசையில் ஒப்பிட்டார்கள். தொண்ணூறில் நடந்ததுதான் இது என்று ஒரு கூட்டம். அது வேறு, இது வேறு என்று ஒரு கூட்டம். தொண்ணூறில் பிறந்தேயிராதவர்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள். தமிழர்கள் இந்த அளவுக்குச் சண்டை போட்டுவிட்டால் அடுத்தது பட்டிமன்றம்தான். தமிழ் மன்றத்துச் செயலாளர் மூன்றே நாளில் ஹால் பிடித்துவிட்டார். தலைப்பு: இன்றைய போர் அன்றைய குவைத் போரைப் போன்றதே, போன்றதல்ல. 'போன்றதே' அணிக்குத் தலைவர் யார் என்று யாரும் யோசிக்கவில்லை. குவைத்தில் நேரில் இருந்தவர் அமிர்தநாதன் ஒருவர்தானே.

இருந்தார். பதினாறு நாள்.

ஏழு மாதம் என்பது பட்டிமன்றத்தில் வந்து சேர்ந்த கணக்கு. பட்டிமன்றத்தில் கல்யாணமாகாத பேச்சாளருக்கும் மனைவி உண்டு, அவள் இரண்டு வரிக்கு ஒருமுறை ஏதாவது சொல்லுவாள். அடுத்தவனுக்கு நடந்ததைத் தனக்கு நடந்ததாகச் சொன்னால்தான் கை தட்டுவார்கள். இது எல்லாப் பேச்சாளருக்கும் தெரியும், யாரும் யாரையும் கேட்பதில்லை. தொண்ணூற்றெட்டில் பம்பாய்க்கு வெளியே கல்யாணில் நடந்த ஒரு பட்டிமன்றத்தில் 'துணிவே' அணியில் பேசிய அமிர்தநாதன், தன் அறைத்தோழன் தளவாயின் கதையை 'நான்' என்று ஆரம்பித்துவிட்டார். ஊரே ஓடியபோது நான் ஓடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஏழு மாதம் பருப்பும் பேரீச்சம்பழமும் தின்று உயிரோடு இருந்தேன். ஹால் எழுந்து நின்று தட்டியது. ஆறு வருட மனைவி ஏஞ்சலம்மாள், நான்கு வயது ஜாபெஸை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சொல்லவில்லை. அப்புறம் சொல்ல முடியாமல் போனது. தளவாய் போன வருஷம் செத்தும் போனார்.

நடுவர் சாருலதா, மாட்டுங்காவில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியை, "நேர்ல பாத்தவரே பேசப் போறார், கேளுங்கோ" என்று அழைத்தபோது மணி ஆறே முக்கால். அமிர்தநாதன் எழுந்தார். கையில் குறிப்புத்தாள் இருந்தது. அதில் பருப்பும் இருந்தது, பேரீச்சம்பழமும் இருந்தது. அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது; ஆனால் வெட்கத்தைவிட மகனைப் பற்றிய பயம் பெரிதாக இருந்தது. முன்வரிசையில் ஸ்வீட்டி கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"நான் ஏழு மாசம் இருக்கல," என்றார் மைக்கில். "பதினாறாம் நாளு லாரியில ஏறி ஓடிட்டேன்."

ஹால் சிரித்தது. ஒருவர் விசிலடித்தார். எதிரணி மகேஷ்குமார் எழுந்து கும்பிட்டு, "அண்ணாச்சி நம்ம டீமுக்கு வந்துட்டாரு!" என்றதும் இன்னும் சிரித்தது. சாருலதாவும் வாயைப் பொத்திக்கொண்டார். கெட்டிக்காரப் பேச்சாளர்கள் தங்களைத் தாங்களே கவிழ்த்துக்கொண்டு பிறகு எழுந்து வருவார்கள் என்பது அந்த ஹாலுக்குத் தெரியும்.

"சிரிக்காதிய. ரூம்ல நாங்க மூணு பேரு. தளவாய், செல்வம், நான். போயிருவோம்னு நான் சொன்னேன். அவனுவ வரல. ஜோர்டான் வழியா நான் பம்பாய் வந்து சேந்தேன். ஏழு மாசம் இருந்தது தளவாயி. அவன் கதையத்தான் நான் என் கதைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அதுலயும் பாதியத்தான் சொன்னேன். செல்வம் நாலாம் மாசம் ரொட்டி வாங்கப் போனவன். வரல. விக்ரோலியில அவன் ஆத்தா சாவுற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தா. அதச் சொன்னா கை தட்ட மாட்டியளேன்னு விட்டுட்டேன்."

பின்வரிசையில் இரண்டு பேர் இன்னும் சிரிக்கத் தயாராகவே இருந்தார்கள். நடுவரின் கை மணிமேல் இருந்தது, அடிக்கவில்லை.

அமிர்தநாதன் மைக்கை விட்டுவிட்டு மேடை விளிம்புக்கு வந்தார். அறுபத்தைந்து வயதுக்கு அங்கே மண்டி போடுவது லேசில்லை. போட்டு, கைபேசியிடம் முகத்தைக் கொண்டுபோனார்.

ஜாபெஸ் எழுந்து உட்கார்ந்திருந்தான். "பா, இது ஸ்டேஜுக்குச் சொல்றதா? சச் போலோ, உண்மையச் சொல்லுங்க."

"ஏசப்பா மேல சத்தியம். ஏல, ரெண்டு போரும் ஒண்ணா வேறயான்னு எனக்குத் தெரியாது. ஓடுனவன் நான். இங்க இருக்கேன். பேரக் குடு."

ஜாபெஸ் அப்பாவைப் பார்த்தான். முப்பது வருடமாக அண்ணாந்து பார்த்த ஆளைப் பார்ப்பது போல அது இல்லை. பிறகு திரை சாய்ந்தது. கைபேசியைக் கட்டிலில் போட்டிருக்க வேண்டும். வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது.

ஏஞ்சலம்மாள் கணவரைப் பார்க்காமலே சொன்னாள்: "நேத்தே சொல்லியிருந்தா எம்புள்ள நேத்தே பேரு குடுத்திருப்பாம்லா."

அவர் எழுந்திருக்கக் கை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்படியே மண்டியிட்டபடி இருந்தார். சாருலதா ஒருவழியாக மணியை அடித்து, இதற்கு என்ன தீர்ப்புச் சொல்வது என்று தனக்கே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, மகேஷ்குமாரை அழைத்தார். அவன் ட்ரோன்களைப் பற்றி ஆரம்பித்தான். இரண்டாவது நிமிடத்திலேயே கைதட்டல் வாங்கினான்.

ஏஞ்சலம்மாள் மருமகள் கையிலிருந்து கைபேசியை வாங்கினாள். வீடியோ என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். இன்னொரு காதை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டாள். அங்கே ஒரு அலமாரிக் கதவு திறந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு பெட்டி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.