அடுத்தது என்ற பொத்தான்

பெங்களூர் ஆபீசில் செய்ய வேண்டிய வேலையை ஓரங்கட்டிவிட்டு, அம்மாவுக்காகச் செய்த செயலியை மறுபடியும் திருத்தி சர்வரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அம்மா அனுப்பிய செய்திகள் நகரவே இல்லை; கோளாறு செயலியில்தான் என்று நம்பினேன். அடுத்தவர் எழுதியதில் பிழை இருந்தால் சிரிப்பேன், என்னுடையதில் இருந்தால் நெட்வொர்க்கைத் திட்டுவேன்.

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மாவுக்குக் குரல் இல்லை. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் லைன் வீட்டில் அம்மா குணசுந்தரி பேசினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அப்பேர்ப்பட்டவள் இப்போது அப்பாவைக் கூப்பிட வேண்டுமென்றால் சமையலறையிலிருந்து கரண்டியால் தட்டில் தட்டினாள். 'நாயக் கூப்புடற மாதிரி கீது' என்று ஒருநாள் எனக்கு எழுதிக் காட்டிவிட்டு அழுதாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து செய்துவிட்டேன். அம்மா போனில் தட்டினால், அப்பாவின் நாற்காலிக்கு எதிரே மாட்டிய பழைய டேப்லெட்டில் பெரிய எழுத்தில் வரும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அப்பா 'அடுத்தது' என்ற பொத்தானை அமுக்கினால், வரிசையில் நிற்கும் அடுத்த செய்தி வரும்.

அவர் ஒரு தடவைகூட அமுக்கவில்லை. 'தயிர் வாங்கிட்டு வாங்க', 'மாத்திர போட்டீங்களா', 'டீ ஆறுது', 'கோவமா?' எல்லாம் ரேஷன் கடைக் கூட்டம்போல சர்வரில் நின்றன. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசியாக ஒன்று வந்து நின்றது. 'நாளைக்கு பேத்தமங்களா போறேன். இனி அக்கா கூடவே இருந்துக்கறேன்.'

பேத்தமங்களா பெரியம்மாவின் ஊர். சாயங்கால ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் எழுந்தபோது, சமையலறை வாசலில் அம்மாவின் பை கட்டித் தயாராக இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா நாற்காலியில் இருந்தார். எதிரே, அம்மா முதல்முதலாக அனுப்பியது அப்படியே நின்றது: 'நீங்களாச்சும் பேசுங்க.'

அப்போதுதான் உறைத்தது. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பாவும் பேச்சை விட்டிருந்தார். கேட்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பொத்தான் வேல செய்யலயாப்பா?"

செய்கிறது என்று தலையாட்டினார்.

"அப்போ ஏன் அமுக்கல?"

திரையில் நின்ற வரியைக் காட்டினார். பிறகு குரல் கரகரப்பாக வந்தது. "சொன்ன வேல முடியலயேம்மா. முடிக்காம எப்டி அடுத்ததுக்குப் போறது?"

அப்பா சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவர். ஆட்களைச் சுரங்கத்துக்குள் ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டு அவர் கையில். கீழேயிருந்து மணி அடித்துச் சொன்ன வேலை முடியாமல் இன்னொன்றைத் தொட மாட்டார். கயிற்றில் மனுஷர்கள் தொங்குகிறார்கள் அல்லவா? எனக்குப் பொத்தான் என்றால் படித்ததும் அமுக்குவது. அவருக்கு அப்படியில்லை.

"பேசனா, பதில் சொல்ல அவ வாயத் தொறக்கறா," என்றார். "ஒண்ணும் வரல. பாக்க முடியலமா."

"இப்போ பேசிட்டியே. அமுக்குப்பா. பின்னாடி நெறைய நிக்குது."

அமுக்கினார். தயிர் வந்தது.

"அன்னிக்கே வாங்கியாந்துட்டேன்," என்றார் சமையலறைப் பக்கம் திரும்பி, சத்தமாக. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"மாத்திர போட்டுட்டேன். அன்னிக்கும் போட்டேன்."

அமுக்கினார்.

"டீ குடிச்சிட்டேன் சுந்தரி. சக்கர கம்மி."

அம்மா வாசலில் வந்து நின்றாள். போன வாரத்து டீக்கு இன்றைக்குப் புகார் வந்ததில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சத்தமில்லாமல் குலுங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் எரிந்தது.

'கோவமா?'

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "கோவமில்ல," என்றார். "பயம்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. அவர் அமுக்கினார். கடைசிச் செய்தி வந்தது. ஒரு தடவை படித்தார். வாசலில் இருந்த பையைப் பார்த்தார். மறுபடியும் படித்துவிட்டு, கையைப் பின்னால் இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இத அமுக்க மாட்டேன்."

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். நின்றபடியே எதையோ தட்டினாள். அது வரிசையில் போய் நின்றிருக்கும். என் லேப்டாப்பைத் திறந்தால் நான் பார்த்துவிடலாம். திறக்கவில்லை. அம்மா பையைக் காலால் சமையலறைக்குள் தள்ளிவிட்டு வந்து அப்பாவின் எதிரே நின்று, அமுக்குங்கள் என்று டேப்லெட்டை மோவாயால் காட்டினாள்.