நாளைக்கடையின் நிழல்

தலவாக்கலை பஜாரில் கிஷாந்த் நடத்திய புரோக்கர் ஆபீஸ் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தரையை விட்டு மேலே கிளம்பிவிட்டது. அன்றைக்கு மரக்கறிக் கடையில் கரட் கிலோ இருநூற்று நாற்பதுக்குப் போனது. லீக்ஸ் கொஞ்சம் இறக்கம். படிக்கட்டு மட்டும் தரையோடு நின்றுகொண்டது. எப்போது திறப்பார்கள் என்று அதில் உட்கார்ந்திருந்தவர்கள் முதுகில் குளிர்காற்றுப் பட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஆபீஸை ஆட்கள் நாளைக்கடை என்பார்கள். தேயிலை மூன்று மாதம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்று இன்றைக்கே பேரம் பேசி, அதற்கு ஈடாக முன்பணம் கட்டவேண்டும். விலை நினைத்தபடி போனால் லாபம். போகாவிட்டால் கட்டியது கரையும். அக்கரப்பத்தனையில் கொழுந்தெடுக்கும் பூரணி அதில் சேர்ந்தது ஒரு கூரைக்காக. குடியிருந்த லயத்துக்குக் கீழே கிடைத்த துண்டுக் காணியில் நாலு சுவரை எழுப்பிவிட்டாள். மேலே தகரம் போடத்தான் கை எட்டவில்லை. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்கு மாறிப்போகாமலிருக்க ஆளுக்கொரு துணி கட்டுவது அவர்கள் வழக்கம். பூரணியின் துணி சிவப்பு. காதுத் தோட்டை விற்ற காசையும் அவள் ஒரு பையில் போட்டு, சிவப்புத் துணி கட்டித்தான் கொடுத்தாள்.

"அடையாளம் தம்பி. வேற ஆளு காசோட கலந்துறாதீங்க. ஒங்க காசோடயும்தான்."

"காசுக்குமாக்கா துணி?" என்று கிஷாந்த் சிரித்தான். பையை மேசை லாச்சிக்குள் கொட்டிவிட்டு, அவள் மனம் நோகக்கூடாதென்று துணியை ஜன்னல் கம்பியில் கட்டினான். அதன்பிறகு டவுனுக்குப் போகும்போதெல்லாம் பூரணி ஜன்னலைப் பார்ப்பாள். துணி இருந்தது. ஆகவே காசும் இருந்தது.

தேயிலை விலை அவள் நினைத்தபடியே ஏறியது. லாபத்தை வாங்கத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுச் சுதர்ஷினியோடு வந்திருந்தாள். அந்தக் கட்டடத்துக்குக் கனமாக இருந்தது ஆட்கள் கட்டிய முன்பணம்தான். கிஷாந்த் அதை எடுத்துத் தன் சொந்தப் பேரத்தில் போட்டுத் தோற்றிருந்தான். முதல் நாள் கடைசிக் காசும் போனதும் ஆபீஸைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. கிஷாந்தும் இல்லை. போன் மட்டும் மேலே அடித்துக்கொண்டிருந்தது.

"வெல ஏறத்தானேடி செஞ்சிச்சு?" என்றாள் பூரணி.

"வெலயும் ஏறிருச்சு, கடையும் ஏறிருச்சு" என்றாள் சுதர்ஷினி.

ஜன்னலிலிருந்து தொங்கிய சிவப்புத் துணியைப் பூரணி எட்டிப் பிடித்தாள். ஆபீஸ் ஏற ஏறத் துணியும் நீண்டது, அறுந்துபோகவில்லை. நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் வெளியே எட்டிப் பார்த்து, சாமான் டிக்கட் ஒன்றும் சேர்த்துக் கிழித்தார். வீட்டுக்கு வந்து துணியைச் சுவரிலிருந்த ஆணியில் கட்டினாள். நாலு சுவருக்கும் நேர் மேலே ஆபீஸ் நின்றது. அந்த வருஷ மழை வீட்டுக்குள் விழவில்லை.

மறு வருஷம் கொழும்பிலிருந்து கோர்ட்டு அனுப்பிய ஒரு ஐயா அளவு நாடாவோடு வந்தார். நாளைக்கடைக்கு மிஞ்சிய ஒரே சொத்து அதன் நிழல்தான் என்று எழுதி, முன்பணம் கட்டிய எல்லோருக்கும் பங்கு பிரித்தார். ஆளுக்கு ஒரு சாண் வந்தது.

"என் துணிங்கையா கட்டியிருக்கு."

"துணி ஒங்களுதுதாம்மா. காசு கலந்துபோச்சே."

அடுத்த மழைக்குப் பங்குக்காரர்கள் குடையோடு வந்து வாசலில் நின்றார்கள். பூரணி கதவை அகலத் திறந்தாள்.

"என்னா வாசல்லயே நிக்கிறீங்க? ஒங்க பங்கு உள்ளதானே இருக்கு. வாங்க."

இப்போதும் மழை பிடித்தால் தலவாக்கலை பஸ்ஸில் வருகிறார்கள். குடையை மடக்கி, அவரவர் சாணில் நின்று, அவள் தரும் பாலில்லாத சாயத்தண்ணியைக் குடிக்கிறார்கள். நடுவில் மேலே போன் அடிக்கும்.

"எவனோ நாளைக்கு வெல கேக்குறான்" என்பாள் சுதர்ஷினி. சீனி போதுமா என்று பூரணி கேட்டுக்கொண்டிருப்பாள்.