மாமியார் வீட்டு அட்டை

"இந்தா, இங்கதான் இருக்கு உன் கார்டு," என்று செல்பேசித் திரையில் பச்சை அட்டையை விசிறிபோல் ஆட்டினாள் மாமியார் எஸ்கோலாஸ்டிகா. "சலுடாரெஸ்னு எங்க வீட்டுப் பேரு பளபளன்னு இருக்கு. இதப் போயி கோர்ட்டுல கழட்டி வச்சிருக்கியே."

கலிபோர்னியாவில் முதியவர்களைப் பராமரிக்கும் பெர்லிட்டா செல்பேசியை முகத்தருகே இழுத்துப் பார்த்தாள். ஊருக்கு அனுப்பும் பெட்டியில் கடுகளவு இடத்தையும் வீணாக்கக் கூடாது என்று பழைய கைப்பைக்குள் சாக்லேட்டைத் திணித்திருந்தாள். பையின் உள்ளறையில் இருந்த அமெரிக்க நிரந்தர வசிப்பு அட்டையும் சாக்லேட்டோடு கப்பலேறி மாமியார் ஊரான இலோய்லோவுக்குப் போய்விட்டது. கணவன் ரோடெல் வேறொருத்தியோடு மணிலாவில் குடித்தனம் நடத்தினாலும், மகள் ரோவெனா இந்தப் பாட்டி வீட்டிலிருந்துதான் படித்தாள். பெட்டி வேறெங்கே போகும்?

"அனுப்பி வைங்க அத்தை. மார்ச்சுல ரோவெனா பட்டம் வாங்கறா. கார்டு இல்லாம வந்தா திரும்பி வேலைக்கு வர முடியாது."

"விவாகரத்துக் காகிதத்தக் கிழிச்சுப் போடு. மறுநாளே அனுப்பறேன்."

"உங்க புள்ள ஓடிப் போனப்ப இந்த வீட்டுப் பேரு எங்க போச்சு?"

"அவன் ஆம்பளடி," என்று சொல்லித் திரையை அணைத்தாள் கிழவி.

பெர்லிட்டா புது அட்டைக்கு விண்ணப்பம் போட்டாள். அதில் காரணம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்: தொலைந்ததா, பெயர் மாறியதா? அவளுக்கோ இரண்டும். கூடக் குடியிருந்த ஃபெலிசிங் அக்காவோடு உட்கார்ந்து அந்த ஒரு கட்டத்தை நோக்கி அவள் விட்ட பெருமூச்சில் ஒரு பாய்மரக் கப்பலே நகர்ந்திருக்கும்.

"தொலைஞ்சதுன்னு போடு."

"அது எங்க இருக்குன்னு தெரியுமே அக்கா."

"உன் மாமியா பீரோவுல இருக்கு. அதுக்குக் கடல்ல விழுந்திருந்தாலாவது மீன்கிட்ட கேட்டு வாங்கலாம்."

தொலைந்ததென்று போட்டாள். பெயர் ஒத்துப் போகவில்லை என்று திரும்பி வந்தது. பெயர் மாறியதென்று போட்டாள். பழைய அட்டை எங்கே என்று திரும்பி வந்தது. நீதிமன்ற உத்தரவு, விளக்கக் கடிதம், கைரேகை என்று அவள் அனுப்பிய காகிதத்தில் பசிபிக்கின் மேல் பாலமே கட்டியிருக்கலாம். பிப்ரவரியில் ஒருவழியாகப் புது அட்டை வந்தது: பெர்லிட்டா பனெஸ். அப்பா கொடுத்த பெயர்.

கெடு முடிந்த பாஸ்போர்ட்டையும் அதே பெயரில் புதுப்பிக்கத் தன் நாட்டுத் தூதரகத்துக்கு ஓடினாள்.

சன்னலுக்குப் பின்னாலிருந்த அதிகாரி உத்தரவைப் புரட்டினார். "இது அமெரிக்கக் கோர்ட்டு. நம்ம நாட்டுல விவாகரத்தே கிடையாதும்மா. வீட்டுக்காரர் இறந்திருந்தாதான் பழைய பேரு தரலாம். இறந்துட்டாரா?"

"இல்ல சார். போன மாசம் அவருக்கு மூணாவது குழந்த பொறந்துச்சு."

"உங்களுக்கா?"

"அவருக்கு."

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "அப்ப பாஸ்போர்ட்டு சலுடாரெஸ் பேருலதான் வரும். கார்டோட கோர்ட்டு உத்தரவையும் சேர்த்துக் காட்டிப் பயணம் போங்க. என்ன செய்ய, சட்டம்."

பட்டமளிப்புக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. "சரி, அடிங்க," என்றாள்.

பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போடும் மின்பலகை முன்னால் வந்தது. பெர்லிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் ஒவ்வொரு எழுத்தாகப் 'பனெஸ்' என்று எழுதினாள்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "எல்லாரும் சும்மா கிறுக்குவாங்க. இத யாரும் படிக்கறதில்லம்மா."

"என் மக படிப்பா சார்," என்றாள் பெர்லிட்டா.